குடியை விட நினைப்பவர்களின் கூட்டம்: தேடுவதும் போவதும்

நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்தில் சேர்ந்து குடிக்கவும் ஆள் இருந்தது, தடுக்கவும் ஆள் இருந்தது. தறப்பாளுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எல்லாம் கேட்கும். ஒருவர் சத்தம் போட்டால் பக்கத்துக் கொட்டிலில் இருந்து யாராவது ஒரு பெரியவர் எழும்பி வந்து, "தம்பி, காணும், போய்ப் படு" என்று சொல்வார். சொந்தக் காணிக்குத் திரும்பிய பின் அந்தப் பெரியவர் அருகில் இல்லை. பக்கத்து வளவு இன்னும் பற்றையாகக் கிடக்கிறது. அடுத்த வீட்டு விளக்கைக் காண அரைக் கட்டை நடக்க வேண்டியிருக்கிறது.

பகலில் கிணறு இறைப்பு, வேலி அடைப்பு, கூலி வேலை என்று பொழுது போய்விடும். பொழுதுபட்ட பின்தான் சிக்கல். ஊருக்கு வந்த சந்தோஷம் சில கிழமைகளில் தணிய, இழந்தவை ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். வீடு நின்ற அத்திவாரம், தலை இல்லாத பனை, திரும்பி வராத ஆள். முகாமில் எப்போதாவது குடித்தவர் இங்கே வந்து தினமும் குடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

குடி கெட்டது என்று சொல்வதற்காக இந்தப் பாடம் எழுதப்படவில்லை. அது குடிப்பவருக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். குடியை நிறுத்த விரும்பும் ஒருவர், அதே கஷ்டத்தைப் பட்ட மற்றவர்களோடு கிழமைக்கு ஒரு தடவை உட்காருவதற்கான கூட்டத்தை எங்கே தேடுவது, முதல் நாள் போனால் என்ன நடக்கும், கூட்டமே இல்லாத ஊரில் என்ன செய்வது என்பவற்றை இங்கே சொல்கிறோம். போகமாட்டேன் என்று அவர் சொன்னால் வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியதும் கடைசிப் பகுதியில் உண்டு.

முதலில் வைத்தியசாலை, பிறகு கூட்டம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் ஒரே நாளில் நிறுத்துவது சிலருக்கு உயிராபத்தாக முடியும். கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலத்தில் இருந்து ஒரு நாளைக்குள் கைநடுக்கம், வியர்வை, ஓங்காளம், நித்திரையின்மை தொடங்கும். பலருக்கு இத்தோடு போய்விடும். சிலருக்கு முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் அறிவு தடுமாறி, இல்லாத பூச்சியும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிந்து, உடம்பு கொதித்து, நெஞ்சு படபடக்கலாம். இதைக் கண்டதும் பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்டக் கொண்டுபோன வீடுகள் உண்டு. நூல் கட்டுவதைப் பிறகு பார்க்கலாம். அந்த நேரத்தில் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்தில் அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அங்கே இதற்கு மருந்து உண்டு. உயிர்ச்சத்து பி1 ஊசியும் போடுவார்கள்.

காலையில் எழும்பியதும் கை நடுங்கி, அந்த நடுக்கத்தை நிற்பாட்டவே குடிப்பவர், முன்பு ஒரு தடவை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், ஈரல் நோய் உள்ளவர் ஆகியோர் வைத்தியரைக் கண்ட பிறகே நிறுத்த வேண்டும். அதுவரை வீட்டார் போத்தலைப் பறித்து ஊற்றுவதும், ஆளை அறைக்குள் பூட்டி வைப்பதும் உதவி அல்ல. கசிப்புக் குடித்த பின் கண் மங்கினால் அது வேறு வகை நஞ்சாக இருக்கலாம். விடியும் வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

உடம்பு தெளிய ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதன் பின் வரும் மாதங்களுக்குத்தான் கூட்டம் தேவை.

இந்தக் கூட்டம் எப்படித் தொடங்கியது

1935ஆம் ஆண்டு மே மாதம் பில் வில்சன் என்பவர் நியூயோர்க்கில் இருந்து அமெரிக்காவின் அக்ரன் என்ற நகருக்கு வியாபார விடயமாக வந்தார். வந்த காரியம் தோற்றுப்போனது. அவர் குடியை விட்டு ஐந்து மாதமளவே ஆகியிருந்தது. தங்கிய விடுதியில் ஒரு பக்கம் மதுச்சாலை, மறு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, இந்த ஊரில் குடியால் கஷ்டப்படும் ஒருவரை எனக்குக் காட்டமுடியுமா என்று விசாரித்தார். அப்படிச் சந்தித்தவர்தான் டொக்டர் பொப் ஸ்மித், ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். பதினைந்து நிமிடம் மட்டும் இருப்பதாகச் சொல்லி வந்த டொக்டர் பல மணித்தியாலம் இருந்து கதைத்தார்.

வில்சன் டொக்டருக்குப் புத்தி சொல்லப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். தான் அன்று குடிக்காமல் இருப்பதற்கு அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த இருவரில் இருந்து வளர்ந்ததுதான் அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. இன்று ஏறக்குறைய 180 நாடுகளில் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கொழும்பிலும் நடக்கின்றன. தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கின்றன. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே சேருவதற்கான தகுதி. சந்தா இல்லை. இலங்கையில் வைத்தியசாலைகளையும் உளவளத்துணை நிலையங்களையும் சார்ந்து நடக்கும் குழுக்கள் ஏ.ஏ. என்ற பெயரில் இல்லாவிட்டாலும், இதே முறையைப் பெரிதும் ஒட்டியவை.

எங்கே விசாரிப்பது

மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலையில் உள்ள உளநலப் பிரிவில் தொடங்குங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகள், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை, வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகள் ஆகியவற்றுக்குப் போய்க் கேட்கலாம். உளநலப் பிரிவு என்றதும் பைத்தியத்துக்கு மருந்து எடுக்கும் இடம் என்று பலர் தயங்குகிறார்கள். நித்திரை வராதவரும், பிள்ளையை இழந்த தாயும், குடியை விட வந்தவரும் அதே வாங்கில்தான் இருப்பார்கள். கிளினிக் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் இரண்டு பஸ் மாறிப் போன செலவு வீணாகும்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் உளவளத்துணைக்குப் பொறுப்பானவரிடமும் கேட்கலாம். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்க வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் மனைவி கேட்கலாம். ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்கே கூடுதலாகத் தெரியும். தொலைபேசி உள்ளவர்கள் தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐயோ, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927ஐயோ அழைக்கலாம். எடுப்பவர் சிங்களத்தில் கதைத்தால் இணைப்பைத் துண்டிக்காமல், "தமிழ்" என்று சொல்லிக் காத்திருங்கள்.

எங்கே கேட்டாலும் கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். "குடியை விட்டவர்கள் ஒன்றுகூடும் கூட்டம் எங்கே, என்ன கிழமை, எத்தனை மணிக்கு? தமிழில் நடக்கிறதா? புதியவர் நேரடியாக வரலாமா?" குடிக்கு மருந்து இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் மருந்துத் துண்டு மட்டும் கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும் விட நல்ல வழி ஒன்று உண்டு. முன்பு நன்றாகக் குடித்து இப்போது குடிக்காமல் இருக்கும் ஒருவர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருப்பார். அவரை எல்லோருக்கும் தெரியும், ஆனால் எப்படி விட்டார் என்று அவரிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. கேளுங்கள். அவர் கூட்டத்துக்குப் போகிறவராக இருந்தால் உங்களைக் கூட்டிக்கொண்டு போவார். இல்லாவிட்டாலும் உங்கள் முதல் துணை அவர்தான்.

இந்தியாவில் இருந்து திரும்பிய குடும்பங்களில் சிலர் அங்கே ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்கள். ஊருக்கு வந்ததோடு அந்தத் தொடர்பை விட்டுவிட வேண்டாம். பழைய குழுவில் உள்ளவர்களோடு கிழமைக்கு ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் கதையுங்கள். அங்கே கொடுத்த தமிழ்ப் புத்தகங்கள் பெட்டியில் இருந்தால் எடுத்து வையுங்கள். பின்னால் சொல்லப்போகும் சிறு கூட்டத்தைத் தொடங்க உங்களைப் போன்றவர்கள்தான் தேவை.

முதல் நாள்

கூட்டம் ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை. கதிரைகள் வட்டமாக இருக்கும். ஒருவர் தொடக்கி வைப்பார். அவரும் குடித்தவர்தான், அதிகாரி அல்ல. ஒரு பக்கம் வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தமது பெயரைச் சொல்லி, தான் குடிக்கு அடிமைப்பட்டவர் என்று சொல்லி, அந்தக் கிழமை எப்படிப் போனது என்று சொல்வார்கள். குடித்த காலத்தில் பட்டதையும் சொல்வார்கள். வள்ளத்தின் இயந்திரத்தை ஈடு வைத்த கதை இருக்கும், பிள்ளையின் கொப்பிக் காசை எடுத்த கதை இருக்கும். சில வேளை சிரிப்பும் வரும். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் இடையில் புகுந்து கேள்வி கேட்பதோ தீர்ப்புச் சொல்வதோ இல்லை. முதல் தடவை போகிறவருக்கு மிகவும் புதுமையாகத் தெரிவது இதுதான். எமது ஊர்க் கூட்டங்களில் ஒருவரை முழுதாகச் சொல்லி முடிக்க விடும் பழக்கம் குறைவு.

உங்கள் முறை வரும்போது கதைக்க விருப்பமில்லாவிட்டால், "இன்றைக்குக் கேட்க வந்தேன்" என்று சொன்னால் போதும். மூன்று, நான்கு கூட்டம் வரை ஒன்றும் சொல்லாமல் இருந்தவர்கள் உண்டு. ஒருவரும் வற்புறுத்தமாட்டார்கள்.

சத்தியம் வாங்கமாட்டார்கள். அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணியவர் ஒரு மாதத்தில் குடித்துவிட்டால், குடியோடு தெய்வக் குற்றப் பயமும் சேர்ந்து அவரை அழுத்தும். அந்தப் பயத்தை மறக்க இன்னும் குடிப்பார். அதனால் வீட்டார் சத்தியம் வாங்குவதை நாங்கள் விரும்புவதில்லை. கூட்டத்தில் கேட்பது இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பதையும், அடுத்த கிழமை வருவதையும்தான்.

முடிவில் தேநீர் இருக்கும். அந்த நேரத்தில் உடனே வெளிக்கிட வேண்டாம். கூட்டத்தில் வாய் திறக்காதவர் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது திறப்பார். போகும் முன் ஒருவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆசை வந்த பின் குடிக்க முன்பு அழைப்பதற்கே அந்த இலக்கம். ஏ.ஏ. குழுக்களில் புதியவருக்கு ஒரு பழையவர் வழித்துணையாக இருப்பது வழக்கம். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமாக இருப்பது நல்லது.

ஒரு தொப்பியோ தகரமோ சுற்றி வரலாம். தேத்தண்ணிச் செலவுக்கு விரும்பியவர் போடுவார். கையில் இல்லாதவர் போடத் தேவையில்லை.

நடைமுறையில் ஒன்று: கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்து பஸ்ஸை விட்டுவிட்டுச் சந்தியில் நிற்பவருக்கு எதிரில் தெரிவது பெரும்பாலும் தவறணையாக இருக்கும்.

பெயர், பதிவு, மதம்

கடந்த ஆண்டுகளில் உங்கள் பெயர் எத்தனையோ பட்டியல்களில் எழுதப்பட்டுவிட்டது. அதனால், "பெயர் எழுதுவார்களா?" என்று நீங்கள் முதலில் கேட்பது எமக்கு விளங்குகிறது. ஏ.ஏ. முறையில் நடக்கும் கூட்டத்தில் பதிவு இல்லை. அடையாள அட்டை இலக்கம், குடும்ப அட்டை, விலாசம் எதுவும் தேவையில்லை. சொந்தப் பெயர் சொல்ல விருப்பமில்லாவிட்டால் வேறு பெயர் சொல்லலாம். படம் எடுக்கக்கூடாது. அங்கே கேட்டதை வெளியே கதைக்கக்கூடாது. வைத்தியசாலை கிளினிக் என்றால் மட்டும் மற்ற நோய்களுக்குப் போலக் கிளினிக் கொப்பி இருக்கும். கூட்டத்துக்குப் போனதற்காக எமது நிறுவனத்தின் எந்த உதவியும் கூடுவதோ குறைவதோ இல்லை. கிராம அலுவலரின் கடிதமும் தேவையில்லை.

சின்ன ஊரில் இரகசியம் நிற்காது என்பதும் உண்மை. சைக்கிள் எங்கே நிற்கிறது என்று பார்த்தே ஊர் கதை கட்டிவிடும். அப்படிக் கூச்சப்படுகிறவர் பக்கத்துப் பட்டினத்துக் கூட்டத்துக்குப் போகலாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள்: நீங்கள் வேலியோரம் விழுந்து கிடந்ததை ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

கூட்டம் தேவாலய மண்டபத்தில் நடந்தால் மதம் மாற்றவா என்று சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் கேட்கின்றன. மண்டபம் வாடகை இல்லாமல் கிடைப்பதால் அங்கே நடக்கிறது. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. அதன் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. அவரவர் விளங்கிக்கொண்டபடி கடவுள் என்றுதான் அங்கே சொல்லப்படுகிறது. முருகனை நினைப்பவர் முருகனை நினைக்கலாம். நம்பிக்கை இல்லாதவரும் இருக்கலாம். யாராவது உண்மையிலேயே மதப் பிரசாரம் செய்யத் தொடங்கினால் எழும்பி வந்து வேறு கூட்டம் தேடுங்கள்.

ஊரில் கூட்டம் இல்லாவிட்டால்

இரண்டு பேர் போதும். அக்ரன் நகரில் தொடங்கியதும் இரண்டு பேரோடுதான். ஒரு நாளும் ஒரு நேரமும் தீர்மானியுங்கள், அதை மாற்ற வேண்டாம். கடற்றொழில் ஊரில் தொழில் இல்லாத நாளும், கூலி வேலை ஊரில் சம்பளம் கிடைக்கும் நாளின் மாலையும் பொருத்தம். சம்பளக் காசோடு வருகிறவர் கடைக்குப் போக முன்பு கூட்டத்துக்கு வரட்டும். சனசமூக நிலையம், முன்பள்ளிக் கட்டடம், பொதுநோக்கு மண்டபம் எதுவானாலும் சரி. மாமர நிழலும் சரி. ஒருவருடைய வீடு என்றால் வீட்டுக்காரர் மனம் மாறிய நாளில் கூட்டம் நின்றுபோகும்.

ஆள் குறைந்தாலும் நடத்துங்கள். ஒருவர் மட்டும் வந்தாலும் அந்த ஒரு மணித்தியாலம் அங்கே இருக்கட்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு வேண்டாம். எமது ஊர்களில் எத்தனையோ நல்ல சங்கங்கள் தலைவர் பதவியில் முட்டி உடைந்தன. கிழமைக்கு ஒருவர் மாறி மாறித் தொடக்கி வைத்தால் போதும். வெளியில் இருந்து காசு வாங்க வேண்டாம், எம்மிடம் இருந்தும் வேண்டாம். குடியை விட்டவருக்கு ஆடு தருகிறார்கள் என்ற கதை பரவினால் ஆட்டுக்காகவே ஆட்கள் வருவார்கள்.

உளநலப் பிரிவில் ஒருவரோடு தொடர்பை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது சாவைப் பற்றிக் கதைத்தால், இரவில் அலறி எழும்புவதாகச் சொன்னால், அதைக் கூட்டத்துக்குள் தீர்க்க முயலாமல் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அவர் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனோன் என்ற தனிக் கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து அதைத் தொடக்கினார். அந்தப் பெயரில் இங்கே கூட்டம் கிடைக்காவிட்டால், மாதர் சங்கத்தில் நம்பிக்கையான இரண்டு, மூன்று பேர் தனியாகச் சந்தித்துக் கதைப்பதே தொடக்கம்.

வெறியில் இருப்பவரோடு வாதாட வேண்டாம். கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் காலையில், அவர் தெளிந்திருக்கும்போது ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இருக்குதாம், அந்த அண்ணை கூட்டிக்கொண்டு போறன் எண்டவர்" என்று நாளோடும் ஆளோடும் சொன்னால் மறுப்பது கடினம். வேலைக்குப் போகாததற்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி அனுப்ப வேண்டாம். கசிப்புக்காரிக்கு அவர் வைத்த கடனை நீங்கள் அடைக்க வேண்டாம். வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாக வரும் காலம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும் கூட்டாகத் திறக்க முடியுமா என்று முதல் கட்டப் பணம் வர முன்பே கேளுங்கள். மேசன்மாருக்குப் போத்தல் வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தையும் உங்கள் வீட்டு வேலையில் விட்டுவிடுங்கள். அதற்குரிய காசைக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

அடி விழுந்தால் அது கூட்டத்தால் தீர்க்கும் விடயமல்ல. பொலிஸ் 119, பெண்கள் உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

குடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். முகாமில் நித்திரைக்காகத் தொடங்கியவர்கள் சிலர். ஆண்கள் நிறைந்த கூட்டத்துக்குப் போவது அவர்களுக்குக் கஷ்டம். குடும்பநல உத்தியோகத்தர் அல்லது உளநலப் பிரிவின் பெண் உத்தியோகத்தர் வழியாகப் போவதே நல்லது.

மறுபடி குடித்துவிட்டால்

முதல் தடவை குடித்துவிட்டு வெட்கத்தில் கூட்டத்துக்கு வராமல் நின்றுவிடுவதால்தான் பலர் திரும்பவும் பழைய இடத்துக்குப் போகிறார்கள். வில்சனை முதலில் சந்தித்த பின்பும் டொக்டர் ஸ்மித் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்தார். அதன் பின் அவர் கடைசியாகக் குடித்த 1935 யூன் 10ஐத்தான் ஏ.ஏ. தனது தொடக்க நாளாக வைத்திருக்கிறது.

செத்தவீடு, எட்டுச்செலவு, கோயில் திருவிழா, வெளிநாட்டுச் சொந்தக்காரர் போத்தலோடு வரும் நாள் ஆகியவை ஆபத்தான நாட்கள். செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. கூட்டத்தில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கிரியை முடிந்ததும் இருவரும் சேர்ந்தே வெளிக்கிடுங்கள், மதகடியில் நிற்க வேண்டாம். அப்படியும் குடித்துவிட்டால், காலையில் அந்த இலக்கத்துக்கு அழைத்து நடந்ததைச் சொல்லுங்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை போங்கள். வெறியோடு போக வேண்டாம். கதைக்க விருப்பமில்லாவிட்டால் பின்னால் ஒரு கதிரையில் இருங்கள். எத்தனையாவது தடவை என்று அங்கே யாரும் எண்ணமாட்டார்கள்.